பாட்டன் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைத் தேய்க்கும் முன்: யூதப் பண்டிகைப் பொருள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமாகி வந்த முதல் வருடம், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாமியார் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவருடைய தாத்தா ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்தது. கிட்டுஷ் கிண்ணம் என்பார்கள். வாராந்தர ஓய்வுநாளான சபாத் இரவிலும் பண்டிகை இரவுகளிலும் இதில் திராட்சரசம் ஊற்றி, ஆசி சொல்லிக் குடிப்பது வழக்கம். கிண்ணம் கறுத்துப் போயிருந்தது. நான் பற்பசை போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் திட்டவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்புக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார். எபிரேய எழுத்தில் ஒரு பெயர் அங்கே செதுக்கியிருந்தது. ஏற்கெனவே பல கைகள் தேய்த்து மங்கியிருந்த எழுத்து, என் கையால் இன்னும் கொஞ்சம் போய்விட்டது.

அதற்கப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என்னைப் போல யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பொருள்களைத் தினமும் தொடுகிறார்கள், துடைக்கிறார்கள். கெடுக்க வேண்டும் என்று யாரும் கெடுப்பதில்லை, நன்றாக இருக்கட்டும் என்று செய்வதில்தான் பாதிப் பொருள்கள் கெடுகின்றன.

முதல் தவறு நான் செய்ததேதான். வெள்ளி கறுப்பது அழுக்கு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிகின்றன. அதைத் தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. பற்பசையில் உள்ள துகள்கள் வெள்ளியைக் கீறும். முலாம் பூசிய பொருள் என்றால் இன்னும் மோசம், சில வருடங்களிலேயே உள்ளே இருக்கும் செம்போ பித்தளையோ வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு வெந்நீரில் முக்கும் வித்தையை எல்லோரும் சொல்வார்கள், கறுப்பு போவதும் உண்மைதான், ஆனால் செதுக்கு வேலையின் பள்ளங்களில் இருக்கும் கருமையையும் சேர்த்து எடுத்துவிடும், அந்தக் கருமை போனால் பூவும் கொடியும் எழுத்தும் கண்ணுக்குத் தட்டையாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பருத்தித் துணி, கழுவிய உடனே ஈரம் போகத் துடைப்பது, இவ்வளவு போதும். திராட்சரசத்தில் புளிப்பு இருப்பதால், குடித்த கிண்ணத்தை இரவெல்லாம் மேஜையிலேயே விட்டுவிடாதீர்கள்.

துடைக்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். எங்கள் கிண்ணத்தின் அடியில் 84 என்று சின்னதாக ஒரு முத்திரை இருக்கிறது. ரஷ்யப் பேரரசில் வெள்ளியின் தரத்தை 96 பங்குக்குக் கணக்கிட்டார்கள், 84 என்றால் ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி. ஜெர்மனியில் செய்த பொருள்களில் 800 என்று இருப்பதைப் பார்க்கலாம். இந்த முத்திரையும் தேய்க்கத் தேய்க்கப் போய்விடும், போனால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போன மாதிரிதான்.

அடுத்தது ஸெடர் தட்டு. பாஸ்கா இரவு விருந்தில் நடுமேஜையில் வைப்பது. வேகவைத்த முட்டை, வாட்டிய எலும்பு, கசப்புக்கு முள்ளங்கி போன்ற காரக் கிழங்கு, கீரை, ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் சேர்த்து அரைத்த ஹரோசெத் எல்லாம் அதில் இருக்கும். பழைய வெள்ளித் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், முட்டை வைக்கும் குழியில் மட்டும் வட்டமாகக் கறுப்பு ஏறியிருக்கும். முட்டையில் கந்தகம் இருக்கிறது, அந்தக் காரக் கிழங்கிலும் இருக்கிறது. கீரையைத் தொட்டுக்கொள்ள வைக்கும் உப்புநீர் அதைவிடக் கெடுதல், வெள்ளியில் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும், அந்தக் குழியை எந்தப் பாலிஷும் நிரப்பாது. இதற்காகத் தட்டை உள்ளே பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்து அதில் உணவை வையுங்கள். பழைய பீங்கான் தட்டுக்கும் இதையே செய்யலாம், அந்தக் காலத்து மெருகில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

பாஸ்காப் பாத்திரத்தில் இன்னொரு விஷயம், மருமகளாக வருகிறவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாதது. பாஸ்கா நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, அதனால் அந்த வாரத்துக்கென்றே தனிப் பாத்திரங்கள் உண்டு. அழகாக இருக்கிறதே என்று பாட்டியின் பாஸ்காத் தட்டில் நடு வருடத்தில் கேக் வைத்துவிட்டால், மதச் சட்டம் பார்க்கிற வீட்டில் அதை அப்படியே பண்டிகைக்கு எடுக்க முடியாது. உலோகப் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கிச் சரிசெய்ய வழி இருக்கிறது, மண் பாத்திரத்துக்கு அந்த வழி இல்லை. அப்படி ஆகிவிட்டால் மறைக்காதீர்கள், நீங்களே கொதிக்கவும் வைக்காதீர்கள், குடும்பத்தின் மதகுருவான ரபியைக் கேளுங்கள்.

விளக்குப் பண்டிகையான ஹனுக்காவில் ஏற்றும் விளக்குக்கு எதிரி மெழுகு. எட்டு இரவு, முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறும், கூடவே மற்றவற்றை ஏற்றும் ஷமாஷ் என்கிற மெழுகுவர்த்தி தினமும் ஒன்று. மொத்தம் 44. அத்தனையும் உருகி வழிந்த விளக்கைக் கத்தியால் சுரண்டுகிறார்கள், சிலர் சூடான அவனுக்குள் வைக்கிறார்கள். தகரத்திலும் வெள்ளீயக் கலவையிலும் செய்த பழைய விளக்குகள் அந்தச் சூட்டைத் தாங்காமல் வளையலாம், பற்ற வைத்த இடங்கள் இளகலாம். சபாத் மெழுகுவர்த்தித் தண்டுகளும் அப்படித்தான், கனமாக இருக்கிறதே கெட்டி வெள்ளி என்று நினைப்போம், பலவற்றில் மேலே மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே எடைக்காக அரக்கு மாதிரி எதையாவது நிரப்பியிருப்பார்கள். வெந்நீரில் போட்டால் நிரப்பியது இளகி, தண்டு சாய்ந்துவிடும். மெழுகின் மேல் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, இளகியதும் துணியால் துடைத்தால் வந்துவிடும்.

அப்புறம், பழைய ஹனுக்கா விளக்குகளில் ஷமாஷுக்கான கிண்ணம் பின்தகட்டில் தனியாக மாட்டும்படி இருக்கும். பெட்டியில் விளக்கை வைக்கும்போது இது கழன்று எங்காவது போய்விடும். ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு விளக்கோடு கட்டிவையுங்கள். துண்டுத் தகரம் மாதிரி எது கிடந்தாலும் கேட்காமல் குப்பையில் போடாதீர்கள்.

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் ஊதும் ஷோஃபார் ஆட்டுக்கொம்பு. ஹீட்டர் பக்கம் வைத்தால் வெடிக்கும், நீளவாக்கில் விரிசல் விட்டால் சடங்குக்கு ஆகாமல் போகலாம், பசை போட்டு ஒட்டும் முன் கேட்டுவிடுங்கள். சபாத் மேஜையில் வைக்கும் ஹல்லா ரொட்டியை மூடும் பூவேலைத் துணிகளை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் அந்த மடிப்பிலேயே கிழியும், சுருட்டி வைப்பது நல்லது. வெள்ளியைச் செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டும் வேண்டாம், ரப்பரில் உள்ள கந்தகம் அந்த இடத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

பொருளைக் காப்பாற்றிக் கதையை விட்டுவிடுகிறார்களே, எனக்கு அதுதான் தாங்கவில்லை. இது யாருடையது, எந்த ஊர், யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டால் "ரொம்பப் பழசு" என்பதோடு முடிந்துவிடும். நாஜி ஜெர்மனியில் 1939 பிப்ரவரியில் யூதர்கள் தங்கம், வெள்ளி, நகைகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள், திருமண மோதிரம் போன்ற சிலதுதான் விலக்கு. அந்த ஆணைக்குத் தப்பி ஒரு வெள்ளிக் கிண்ணம் இன்று ஒரு மேஜையில் இருக்கிறது என்றால் யாரோ துணிந்து ஏதோ செய்திருக்கிறார்கள். பெரியவர் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள், ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். பொருளின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

வெள்ளிதான் சொத்து என்று நினைப்பதும் தவறு. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டுகள் இல்லையென்றால் அந்தப் பாட்டுகளில் பல நமக்குக் கிடைத்தே இருக்காது. அமெரிக்காவில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பியோடு 1932 முதல் இலவசமாகக் கொடுத்த ஹகாடா, அதாவது பாஸ்கா இரவில் வாசிக்கும் புத்தகம், பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. காசுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஓரத்தில் தாத்தா யார் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று பென்சிலில் எழுதியிருப்பார், பக்கமெல்லாம் திராட்சரசக் கறை. அந்தக் கறையை எடுக்கப் பார்க்காதீர்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். சுமார் 1350-இல் ஸ்பெயினில் கையால் எழுதி உருவான சரயேவோ ஹகாடாவின் பக்கங்களிலும் திராட்சரசக் கறை உண்டு. அதை வைத்து யாரோ உண்மையாகவே பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள் என்பது அந்தக் கறையால்தான் தெரிகிறது.

கடவுளின் பெயர் எழுதிய எபிரேயப் புத்தகம் நைந்துபோனால் குப்பையில் போடக் கூடாது. கெனிசா என்று ஜெபாலயத்தில் ஒரு இடம் இருக்கும், அங்கே சேர்த்து வைத்து, பிறகு அடக்கம் செய்வார்கள். அங்கே கொடுப்பதற்கு முன் முன்பக்க, பின்பக்க வெற்றுத் தாள்களைக் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். போன வருடம் மாமியாரும் நானும் ஒரு பெட்டி நிறைய ஜெபப் புத்தகங்களைக் கொடுக்கக் கட்டிவைத்தோம். கடைசி நேரத்தில் ஒன்றைத் திறந்தால், பின்னட்டையின் உட்புறத்தில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எபிரேய மாதமும் தேதியும், வருடா வருடம் விளக்கேற்ற வேண்டிய இறந்த நாட்கள். முதல் பெயரை மாமியார் இரண்டு முறை வாசித்தார். கிண்ணத்தில் பாதி அழிந்து நிற்கும் அதே பெயர்.