அபர்தீனில் முதல் வெள்ளிக்கிழமை இரவு

குடிப்பழக்கம் இல்லை என்பதாலேயே, ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் பப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நம்மூர் டாஸ்மாக்கை மனதில் வைத்துத் தயங்காதீர்கள். இங்கே பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் மதியம் மீனும் சிப்ஸும் சாப்பிடுவார்கள். ஊர்க்காரர்களோடு பேசிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

யூனியன் தெருவில் இருந்து பிரியும் பெல்மாண்ட் தெருவில் தொடங்குங்கள். இளைஞர் கூட்டம் அங்கேதான். நிதானமாகப் பேச வேண்டுமென்றால் செயின்ட் நிக்கோலஸ் சந்தில் உள்ள 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' எனக்குப் பிடித்தது. விஸ்கிக்குப் பேர்போன 'தி கிரில்' யூனியன் தெருவிலேயே இருக்கிறது. 1975 வரை அங்கே பெண்களை உள்ளே விடவில்லை. இன்று நம் பெண்கள் தோழிகளோடு அங்கே உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டருக்குப் போய் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார் என்று ஊற்றுபவருக்குத் தெரியும். கைதட்டிக் கூப்பிடாமல், அவர் கண்ணில் படும்படி நின்றால் போதும். நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு 'ரவுண்டு', அதாவது முறைவைத்து எல்லோருக்கும் சேர்த்து ஒருவரே வாங்குவது வழக்கம். உங்களுக்கு மது இல்லாத அயர்ன் ப்ரூ என்ற சோடா போதும் என்றால் அதையே சொல்லுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது மட்டும் மறக்காமல் எழுந்து போங்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகியிருந்தாலும், 25-க்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். முதல் டிசம்பரில் அது இல்லாமல் போய், கடல் காற்றில் நடுங்கிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். ஜாக்கெட் ஜூனிலும் வேண்டும். வெயில் அடிக்கும்போதே கடலில் இருந்து 'ஹார்' என்ற மூடுபனி ஏறிவரும்.

குடித்தால் காரைத் தொடவே தொடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, இங்கிலாந்தில் 80. அங்கே இருக்கும் அண்ணன் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. அப்புறம், இரவு 10 மணிக்கு மேல் கடைகளில் மது விற்க மாட்டார்கள்.

கவுண்டரில் யாராவது "ஃபிட் லைக்?" என்றால் விழிக்காதீர்கள். இந்த ஊர்ப் பேச்சில் அது 'எப்படி இருக்கீங்க?'. "நே பேட்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி எந்த ஊர் என்றுதான் இருக்கும்.