பழைய லண்டன் வெள்ளிக் கரண்டி யார் செய்தது? முத்திரைகளை வாசிக்கும் முறை

பழைய ஐரோப்பிய வெள்ளிச் சாமான் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது செய்தவரின் பெயரெழுத்துகளைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். அதே இரண்டு எழுத்துகளை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பட்டறைகள் குத்தியிருக்கின்றன. ஊரும் ஆண்டும் தெரிந்த பிறகுதான் அவற்றுக்கு அர்த்தம் வரும். இங்கிலாந்தின் முத்திரைமுறை ஒழுங்கானது, அங்கிருந்தே பழகுவோம்.

1. பார்ப்பதற்கு முன்

தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கும், போனது திரும்பாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள்; நேராக அடித்தால் வெள்ளி பளபளத்து முத்திரையை மறைத்துவிடும்.

கரண்டியில் முத்திரை காம்பின் பின்புறம் இருக்கும். சுமார் 1780-க்கு முந்தியவற்றில் குழிக்கு அருகிலும், பிந்தியவற்றில் காம்பின் மேல்முனைப் பக்கமும் பாருங்கள்.

2. மாற்று (வெள்ளியின் தூய்மை)

ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 1544 முதல் வரும் முத்திரை இது. 1697 முதல் 1720 வரை மட்டும் 958 மாற்று கட்டாயமாக இருந்தது. அப்போது பிரிட்டனைக் குறிக்கும் பெண்ணான பிரிட்டானியா உட்கார்ந்திருக்கும் உருவம் குத்தினார்கள். ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் அது வெள்ளிமுலாம். இந்த வழியில் மேலே போக வேண்டாம்.

3. ஊர்

சிறுத்தைத் தலை லண்டன். 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு, பிறகு இல்லை. நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் மட்டும் தனியாக இருந்தால் ஷெஃபீல்டு. இரண்டும் 1773-இல் தொடங்கியவை. கோட்டை எடின்பரோ.

4. ஆண்டு

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. லண்டனில் 1974 வரை 20 எழுத்துகள் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமோ அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமோ மாறும். எழுத்தை மட்டும் பார்த்தால் 20 ஆண்டு, 40 ஆண்டு தவறிப்போகும். கேடயத்தின் அடி கூரா, தட்டையா, மூலை வெட்டியதா என்று பென்சிலால் வரைந்துகொண்டு, அந்த ஊருக்குரிய ஆண்டெழுத்து அட்டவணையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே எழுத்து வேறு ஊரில் வேறு ஆண்டைக் குறிக்கும்.

இன்னொரு துணை, அரசரின் தலை. அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் உண்டு.

உதாரணத்துக்கு ஒரு கரண்டி: சிங்கம், கிரீடமணிந்த சிறுத்தைத் தலை, அரசர் தலை, சிறிய ‘எம்’ எழுத்து. லண்டன் அட்டவணையில் இந்தச் சேர்க்கை 1787-இல் போய் நிற்கும். அரசர் தலை இருப்பதும் கணக்கோடு பொருந்துகிறது.

5. செய்தவர்

இப்போது எழுத்துகளுக்கு வரலாம். அதே கரண்டியில் கூட்டெழுத்தில் ‘எச்.பி.’ என்றிருந்தால் ஹெஸ்டர் பேட்மன். கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று, 1761-இல் தன் முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை நடத்திய பெண்மணி. 1787 அதற்குள் வருகிறது. ஆனால் அவரே தட்டிச் செய்தார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் பட்டறையின் பொறுப்பில் வந்த பொருள் என்பதே இந்த முத்திரை சொல்வது.

இங்கிலாந்துக்கு வெளியே

பிரான்சில் 1838 முதல் பெரிய பொருள்களில் மினர்வா தேவியின் தலை; பட்டறை முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், பக்கத்தில் பெரும்பாலும் 800. ரஷ்யாவில் 84 என்றால் 96-இல் 84 பங்கு, நம் கணக்கில் 875.

ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பொருள்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள பட்டறைகள் பழைய முத்திரைகளைப் போலவே தோன்றும் கற்பனை முத்திரைகளைக் குத்தின. பழைய பிரெஞ்சு முத்திரை மாதிரி ஏதோ தெரிந்து, எந்த அட்டவணையிலும் பொருந்தவில்லை என்றால் முதலில் ஹனாவ் பட்டியலைப் புரட்டுங்கள்.