வாக்குத்தத்த அட்டையை, வசனம் வரும் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்கும் முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கான தேவ வாக்காகத் தட்டிலிருந்து எடுத்த வசன அட்டை, விடிவதற்குள் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். வேதாகமம் பிழையற்ற தேவவார்த்தை என்று அறிக்கையிடுகிற சபைகளிலும் இந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பிழையின்மையை அறிக்கையிட்ட 1978 சிக்காகோ அறிக்கையே, வேதத்தை இலக்கணமும் வரலாற்றுப் பின்னணியும் பார்த்து, அந்தந்தப் பகுதியின் இலக்கிய வகையைக் கவனித்து விளக்க வேண்டும் என்கிறது. அட்டை வசனத்துக்கு அதிலிருந்து விலக்கு கிடையாது.

இணைவசனங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும். விளக்கவுரை கையிலிருந்தால் கடைசியில் திறக்கவும். முதலிலேயே திறந்தால் அதை எழுதியவர் கண்ணால்தான் வசனம் தெரியும்.

முதல் வேலை, வசனம் எந்தப் பேச்சில் அல்லது கடிதத்தில் வருகிறதோ அதை ஆரம்பத்திலிருந்து வாசிப்பது. வசன எண்கள் மூல எழுத்தில் இல்லாதவை. புதிய ஏற்பாட்டில் இன்றிருக்கும் எண்கள் ராபர்ட் எஸ்தியென் 1551இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. எண் முடிகிற இடத்தில் கருத்து முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

“தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். அது எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. 5 முதல் 7 வரை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. 8, 9 வசனங்கள் பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றிய எச்சரிப்பு. பத்தாம் வசனம், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதம் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் பொய்த் தீர்க்கதரிசி அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொன்னான். அந்த வருஷமே செத்தான் (28:17). 29:11ஐ “இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு முடியும்” என்று பிரசங்கிப்பவர் எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறார்.

அடுத்து நோட்டில் மூன்று வரி எழுதவும்: பேசுவது யார், கேட்பது யார், நிபந்தனை என்ன. முதல் வரியை அவசியமில்லை என்று தாண்டிவிடுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” (யோபு 8:7) என்பது கடை திறப்பு அழைப்பிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அச்சாகிறது. சொன்னவன் யோபின் சிநேகிதர் மூவரில் ஒருவனான பில்தாத். மூன்று வசனம் மேலே போனால், யோபின் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்று தகப்பனிடமே சொல்கிறான். 42:7இல் கர்த்தர், எலிப்பாசும் அவன் சிநேகிதர் இருவரும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபின் முடிவு சம்பூரணமாகத்தானே இருந்தது என்று சிலர் வாதாடுவார்கள். இருந்தது (42:12), பில்தாத் சொன்ன கணக்கின்படி அல்ல. அந்த வரிக்கு மேலேயே, “சுத்தமும் செம்மையுமாய் இருந்தீரேயாகில்” என்று ஒரு குத்தலும் இருக்கிறது.

நிபந்தனை வரிக்கு உபாகமம் 28 நல்ல பயிற்சி. “வாலாக்காமல் தலையாக்குவார்” என்பது 13ஆம் வசனம். ஆசீர்வாதம் 14 வசனத்தில் முடிகிறது. 15 முதல் 68 வரை 54 வசனம் சாபம். இரண்டுமே இஸ்ரவேலோடு செய்த ஒரே உடன்படிக்கையின் பகுதிகள். முதல் பதினான்கை நமக்கென்று எடுத்தால் மீதியை யாருக்குக் கொடுப்பது?

பழைய ஏற்பாடு இனி நமக்கில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. எதிர்ப்பக்கம் சாய்ந்து அப்படிச் சொல்பவர்களும் உண்டு, அதுவும் தவறான உபதேசம். மூன்றாவது வேலை அதற்காகத்தான்: இணைவசனத்தைப் பிடித்து, புதிய ஏற்பாடு அந்த வாக்கை எப்படி எடுத்தாளுகிறது என்று பார்ப்பது. யோசுவாவுக்குச் சொன்ன “உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” (1:5) என்ற வாக்கை எபிரெயர் 13:5 விசுவாசிகளுக்கே கொடுக்கிறது. எதற்காக? பண ஆசையில்லாமல், இருக்கிறது போதும் என்று வாழ்வதற்காக. உபாகமத்தின் சாபத்தைக் கிறிஸ்து சுமந்தார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. அடுத்த வசனம் ஆபிரகாமின் ஆசீர்வாதத்தை ஆவியானவரைப் பற்றிய வாக்குத்தத்தத்தோடு சேர்க்கிறது, வங்கிக் கணக்கோடு அல்ல. 2 கொரிந்தியர் 1:20இன்படி வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆமென். எந்த அட்டையும் அந்த வாசல் வழியாகத்தான் நம்மிடம் வர வேண்டும்.

ஏசாயா 53:5 வந்தால் நிதானம் தேவை. “தழும்புகளால் குணமாகிறோம்” என்பதை 1 பேதுரு 2:24 பாவத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அதற்கு முந்தின ஏசாயா 53:4ஐ மத்தேயு 8:17 நோய் நீங்கியதோடு சேர்க்கிறது. இதில் பழமைவாதச் சபைகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் மிலேத்துவில் பவுல் வியாதியாய் விட்டுவந்த துரோப்பீமுவையும் (2 தீமோத்தேயு 4:20) தீமோத்தேயுவின் வயிற்று நோயையும் (1 தீமோத்தேயு 5:23) மறைக்கக்கூடாது. கட்டிலருகே போய் இந்தப் பாடத்தை நடத்தவும் வேண்டாம். சுகத்துக்காக ஜெபியுங்கள், “விசுவாசம் போதவில்லை” என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்.

கடைசியில் ஒரு ஜெபத்தை நாலு வரியில் எழுதவும். வசனம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் கேட்க வேண்டும். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13 வந்திருந்தால், பரீட்சையில் முதலிடம் என்று எழுத இடமில்லை. 11, 12 வசனங்கள் குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருப்பதைப் பேசுகின்றன, பவுல் அதை எழுதியது சிறைக் கட்டுகளிலிருந்து. குறைந்த மார்க் வந்தாலும் அந்த ஜெபம் நிற்கும்.

அட்டை அச்சிடும் சபைக் குழுவுக்கும் வேலை இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரிலுள்ள மொரேவிய சபையார் 1731 முதல் அச்சிட்டுவரும் தினவசன ஏட்டில், பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப்போட்டு எடுக்கப்படும். அதற்கு ஏற்ற புதிய ஏற்பாட்டு வசனம் தெரிந்தெடுத்து இணைக்கப்படும். அதைப் பார்த்து நாமும் ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு வசனம் போடலாம். கீழே “வாசிக்க: எரேமியா 29:1-14” என்று பகுதியையும் அச்சிடவும். வசனப் பட்டியலை நவம்பரிலேயே போதகரிடம் கொடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் பிரஸ்ஸில் நின்றுகொண்டு பொறுக்கினால் பில்தாத் மறுபடியும் வந்துவிடுவார்.