புதிய ஆசிரியரை இன்றைய வகுப்பறைக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றுக்கு நியமனம் பெற்று வருகின்ற புதிய ஆசிரியருக்குப் பாட அறிவு பெரும்பாலும் குறைவாக இருப்பதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் முதல் ஐந்து நிமிடங்களை எவ்வாறு நடத்துவது என்பதில்தான் அவர் தடுமாறுகிறார். அதைக் கருத்தரங்கில் கேட்டுக் கற்க முடியாது, செய்து பழகவே வேண்டும். ஆகவே பகுதித் தலைவர்களும் மூத்த ஆசிரியர்களும் ஒத்திகையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாடசாலை விட்ட பின் வெறும் வகுப்பறையொன்றில் இருபது நிமிடம் போதும். சக ஆசிரியர்கள் நால்வர் மாணவர்களாக அமரட்டும். ஒருவர் பிந்தி வரட்டும், இன்னொருவர் பக்கத்திலிருப்பவரிடம் பேனை கேட்கட்டும். புதியவர் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அழைப்பது, வந்தவுடன் செய்ய வேண்டிய சிறு வேலையைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதி வைப்பது, சத்தம் அடங்கிய பின்னரே பேசத் தொடங்குவது, ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தலை மட்டும் கொடுப்பது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கட்டும். ஒரு பாடவேளையில் கொப்பி பகிர்வதற்கே பத்து நிமிடம் போனால், எவ்வளவு நல்ல பாடமும் அரைகுறையாகவே முடியும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகொள்ளத் தக்கது. குழப்பம் நிகழ்ந்த பின் கண்டிக்கும் முறையிலன்றி, அது நிகழாதவாறு வகுப்பு முழுவதையும் கவனத்தில் வைத்துப் பாடத்தைத் தடையின்றி நகர்த்துவதிலேயே திறமையான ஆசிரியர்கள் வேறுபடுகின்றனர் என்று அவர் கண்டார். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே தடை செய்துவிட்டது. பிரம்பை எடுக்காதீர்கள் என்று சொல்வதோடு நாம் நின்றுவிட்டால், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று அறியாத இளம் ஆசிரியரைத் தனியே விட்டவர்களாவோம், இது நியாயமன்று.

அடுத்தது வினாக் கேட்டல், என் கருத்தில் பயிற்சியின் பெரும்பகுதி இதற்கே உரியது. ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டும்போது விடைகள் நீள்வதையும், பேசாதிருந்த மாணவர்களும் பேச முன்வருவதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். வினாவும் சிந்திக்கத் தக்கதாக இருக்க வேண்டும். விஞ்ஞான பாடத்தில் "ஆவியாதல் என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த ஒருவர் சொல்வார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வர். "மே மாதத்தில், மழை பெய்யாத நாளிலும்கூட, கொழும்பில் காயப்போட்ட சீருடை ஏன் மெதுவாகக் காய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். வளியிலுள்ள ஈரப்பதன் என்ற கருத்து அவர்களுடைய பேச்சிலிருந்தே வெளிப்படும். முதலில் பக்கத்திலிருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிட்டு, பிறகு கை உயர்த்தாதவர் ஒருவரிடம் கேட்கும்படி புதியவருக்குச் சொல்லுங்கள்.

கொழும்பு வகுப்பறைக்கென்று ஒரு தன்மையும் உண்டு. வெள்ளவத்தைப் பிள்ளையும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும், மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து வெவ்வேறு பேச்சுத் தமிழில் விடை சொல்வார்கள். சிலர் வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ பேசுபவர்கள். ஒரு பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்து வகுப்பு சிரித்து, ஆசிரியரும் அதைப் பொருட்படுத்தாது விட்டால், அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிடக்கூடும். விடையின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, எழுத்துத் தமிழில் அதை எவ்வாறு எழுதுவது என்று பின்னர் காட்டப் புதியவரைப் பழக்குங்கள்.

திறன்பலகையும், திரையில் படம் காட்டும் எறிவையும் இருந்தால் நல்லது. கரும்பலகையில் காட்ட முடியாததற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பின்னர் வாரம் ஒரு பாடவேளை அவருடைய வகுப்பின் பின்வரிசையில் அமருங்கள். எதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்பதை இருவரும் முன்னரே பேசி ஒன்றை மட்டும் தெரிவுசெய்யுங்கள்: எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்பதாகவோ, வினாவுக்குப் பின் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதாகவோ அது இருக்கலாம். கண்டதை எண்ணாகக் குறித்து, அன்றே தனிமையில் பேசுங்கள். அதிபருக்கு அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கையில் அதைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அவர் உங்களுக்காக நடிக்கத் தொடங்குவார். அடுத்த வாரம் அவரை உங்கள் வகுப்புக்கு அழைத்து, அதே கணக்கை உங்களுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.