ஸ்கூல் முடிக்கிற பிள்ளையோட விழாவுக்கு கூப்பிட்டாங்களா, போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டு போங்க

வேற நாட்டுல இருக்கவங்க, பிள்ளை ஹைஸ்கூல் முடிக்குது வாங்கன்னு கூப்பிட்டா உடனே கிஃப்ட் தேடி ஓடாதீங்க, அங்க வர்றவங்க என்ன பண்ணுவாங்கன்னு அந்த அம்மா அப்பாகிட்டயே கேட்டுடுங்க, ஏன்னா நிறைய ஊர்ல விருந்தாளிக்குன்னு ஒரு வேலை இருக்கு, சும்மா உக்காந்து பாத்துட்டு வர்ற விழா இல்ல அது.

ஸ்வீடன்னா ஸ்கூல் வாசல்ல சீக்கிரமே போய் நில்லுங்க. பிள்ளைங்க வெள்ளைத் தொப்பியோட கதவைத் தாண்டி ஓடி வருவாங்க, வீட்டு ஆளுங்க அந்த பிள்ளையோட சின்ன வயசு போட்டோவை பெருசா பிரிண்ட் போட்டு குச்சில மாட்டி தூக்கிப் பிடிச்சிருப்பாங்க, அவ்ளோ கூட்டத்துல அது தன்னோட குழந்தை முகத்தைப் பாத்துதான் வீட்டாளுங்ககிட்ட வந்து சேரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதுதான். நீங்க கொண்டு போற பூவையோ சின்ன பொம்மையையோ நீலம் மஞ்சள் ரிப்பன்ல கட்டி கழுத்துல போடணும், தொப்பியோட சேர்த்து தலை உள்ள போற மாதிரி ரிப்பனை நீளமா விடுங்க, வெயிட்டா எதுவும் வேணாம், ஏற்கனவே பத்து தொங்கும்.

ஹவாய்லயும் கழுத்துலதான், லெய்னு சொல்ற மாலை. வர்றவங்க எல்லாரும் போட்டுப் போட்டு மாலை பிள்ளையோட மூக்கு வரைக்கும் ஏறிடும், பரவால்ல நீங்களும் போடுங்க. பாதி முன்னாடி பாதி பின்னாடி தொங்குற மாதிரி தோள்ல போடணும்.

டென்மார்க்ல கிளாஸ் மொத்தமும் ஒரு லாரில ஏறி ஒவ்வொருத்தர் வீடா போவாங்க, அந்த வீட்டுல நீங்க இருந்தா நின்னுக்கிட்டே கையில எடுத்து சாப்பிடுற மாதிரி ரெடி பண்ண உதவுங்க, கொஞ்ச நேரம்தான் இருப்பாங்க, அடுத்த வீட்டுக்குப் போகணும்ல.

ஹங்கேரி, ரஷ்யா பக்கம் பூ வாங்கினா எண்ணி வாங்குங்க, ஒத்தைப்படைதான், ரெட்டைப்படை சாவுக்கு. ஹங்கேரில பிள்ளைங்க முன்னாடி போறவங்க தோள்ல கை வச்சு வரிசையா பாடிக்கிட்டே கிளாஸ் கிளாஸா சுத்தி வருவாங்க, தோள்ல ஒரு குட்டிப் பை மாட்டியிருக்கும், அதுக்குள்ள உப்பு ரொட்டி, காசு, ஒரு பிடி மண்ணு, தூரமா போற பிள்ளைக்கு கட்டிக் கொடுக்கிற மாதிரியே. பூவை அந்த வரிசையை நிறுத்திக் கொடுக்காதீங்க, முடிஞ்சதும் கொடுங்க.

ஜப்பான்ல மார்ச் மாசம் நடக்கும், டார்க் கலர் டிரஸ், அமைதியா இருக்கணும். பையன் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லன்னா எங்கடான்னு கேக்காதீங்க, நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிற பட்டன்னு அதை மனசுக்குப் பிடிச்சவங்களுக்குக் கொடுக்கிற பழக்கம்.

அமெரிக்கால சீட் கணக்கு இருக்கும், ஒரு வீட்டுக்கு இத்தனை டிக்கெட்னு, அதனால முன்னாடியே சொல்லிடுங்க. தொப்பி குஞ்சத்தை வலதுலேர்ந்து இடதுக்கு மாத்துவாங்க, அப்புறம் தொப்பியை மேல வீசுவாங்க, 1912ல அனாபொலிஸ் கடற்படை அகாடமில ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, போட்டோ எடுக்கணும்னா அந்த நேரத்துக்கு ரெடியா இருங்க. எல்லா பேரும் வாசிச்சு முடிக்கிற வரை கை தட்ட வேணாம்னு ஸ்கூல்ல சொன்னா தயவுசெஞ்சு கேளுங்க, நீங்க கத்துற சத்தத்துல அடுத்த பிள்ளையோட பேர் அதோட அம்மாவுக்கே கேக்காம போயிடும்.