மதிப்புள்ள டொமைன் பெயரை விற்பது எப்படி: விலை வைப்பதிலிருந்து கைமாற்றுவது வரை

2019இல் வாய்ஸ் டாட் காம் என்ற ஒரே ஒரு டொமைன் 3 கோடி டாலருக்கு விலைபோனது. விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற மென்பொருள் நிறுவனம், வாங்கியது பிளாக் டாட் ஒன் என்ற பிளாக்செயின் நிறுவனம். வாங்கிய நிறுவனம் அதே பெயரில் ஒரு சமூக ஊடகத்தைத் தொடங்கவிருந்தது. அந்தப் பெயர் வேண்டும் என்ற தேவை ஒருவருக்கு இருந்தது, கையில் பணமும் இருந்தது. விலை அங்கேதான் பிறந்தது. உங்கள் டொமைனுக்கும் இதே கணக்குதான்: அந்தப் பெயரால் யாருக்கு வியாபாரம் கூடும் என்று தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும். மற்றவர்களுக்கு அது வெறும் எழுத்துகள்.

விற்பதற்கு முன்

முதலில் டொமைன் உண்மையிலேயே உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே, தன் பெயரிலேயே பதிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படி இருந்தால் அதைச் சரிசெய்யாமல் விற்பனையைப் பற்றிப் பேசவே முடியாது.

அடுத்தது மின்னஞ்சல். ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) உள்ள உங்கள் கணக்கின் முகவரி அதே டொமைனிலேயே இருந்தால், டொமைன் கைமாறிய மறுநிமிடம் அந்த முகவரியும் வாங்கியவரிடம் போய்விடும். பாஸ்வேர்டை மீட்கும் அஞ்சல்கூட அவருக்குத்தான் வரும். வேறு முகவரிக்கு மாற்றிவிடுங்கள், அதையும் முன்கூட்டியே செய்யுங்கள். உரிமையாளரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், வேறு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாதபடி 60 நாள் லாக் விழக்கூடும். மாற்றும்போதே இந்த லாக் வேண்டாம் என்று சொல்லும் வசதியைச் சில ரெஜிஸ்ட்ரார்கள் தருகிறார்கள். கவனிக்காமல் விட்டால் விலை பேசி முடித்த பிறகு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் வாங்குபவர் மனம் மாறிவிடுவார்.

காலாவதித் தேதி நெருங்கியிருந்தால் புதுப்பித்துவிடுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி, ரெஜிஸ்ட்ரார் அதை நீக்கிவிட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் கிடைக்கும். அதன் பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. ஆறாவது நாள் முந்துகிறவருக்கே பெயர் சொந்தம்.

டிரேட்மார்க் விஷயத்தில் அலட்சியம் கூடாது. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் விதிப்படி, டிரேட்மார்க் உரிமையாளர் மூன்றை நிரூபித்தால் டொமைன் அவருக்குப் போய்விடும்: பெயர் அவருடைய மார்க்கோடு குழப்பும்படி ஒத்திருப்பது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லாதது, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தியது. மார்க் உரிமையாளருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ, செலவான தொகைக்கு மேல் விலைவைத்து விற்பதற்காகவே பதிவது கெட்ட எண்ணத்துக்கான அடையாளம் என்று அந்த விதியே சொல்கிறது. ஒரு நிறுவனம் புதிதாக உருவாக்கிய பெயர் உங்களிடம் இருந்தால், அவர்களுக்கு நீங்கள் அனுப்பும் ‘வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்ற கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி. அகராதியில் உள்ள பொதுச் சொல்லை அதன் பொதுப் பொருளில் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ (WIPO) நடத்தும் உலக பிராண்ட் தரவுத்தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்.

பழைய வரலாற்றையும் பாருங்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினில், அந்த முகவரியில் முன்பு சூதாட்டத் தளமோ போலி மருந்துக் கடையோ இருந்தது தெரிந்தால், வாங்குபவரும் அதைப் பார்ப்பார், விலையைக் குறைப்பார்.

விலை வைப்பது

நேம்பயோ தளத்தில் ஏற்கெனவே நடந்த விற்பனைகள் பதிவாகியிருக்கின்றன. உங்கள் பெயரைப் போன்றவற்றைத் தேடி எடுங்கள்: அதே ஈற்று (டாட் காம், டாட் நெட் போன்ற கடைசிப் பகுதி), அதே சொல் எண்ணிக்கை, அதே தொழில், கடந்த சில ஆண்டுகளுக்குள் நடந்த விற்பனை. டாட் காம் விலையை வைத்து டாட் நெட்டுக்கு மதிப்புப் போடாதீர்கள். விற்பனை எங்கே நடந்தது என்பதையும் பாருங்கள். ஏலத் தளத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்குவது மொத்த விலை. தொழில் நடத்தப்போகிறவர் வாங்குவது சில்லறை விலை, அது பல மடங்கு கூடுதலாக இருக்கும். இந்த இரண்டையும் கலந்து சராசரி எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

ஒரே சொல், எளிய உச்சரிப்பு, போனில் ஒரு முறை சொன்னாலே பிழையில்லாமல் எழுத வருவது, இவை விலையைக் கூட்டும். இடையில் கோடு, எண், இரண்டு விதமாக எழுதக்கூடிய சொல், இவை குறைக்கும். அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் கிளிக்குக்கு அதிகம் கொடுக்கிறார்களா என்பதையும், அதே சொல்லோடு இன்னொன்றைச் சேர்த்து நீளமான முகவரியில் எத்தனை நிறுவனங்கள் ஓடுகின்றன என்பதையும் பாருங்கள். இரண்டாவதுதான் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் அந்த நிறுவனங்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். இணையத்தில் தானாக மதிப்புப் போட்டுத் தரும் கருவிகளின் எண்ணை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள்.

கடைசியில் மூன்று எண்களை எழுதிவையுங்கள்: கேட்கும் விலை, எதிர்பார்க்கும் விலை, இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்ற விலை. மூன்றாவதை முதல் அழைப்பு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

வாங்குபவரைக் கண்டுபிடிப்பது

பெயரைத் தேடி வருபவர் முதலில் செய்வது அந்த முகவரியைப் பிரவுசரில் தட்டுவதுதான். அங்கே வெற்றுப் பக்கம் இருந்தால் அவர் போய்விடுவார். நேம்சர்வரை (அந்த முகவரி எந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று காட்டும் சர்வர்) மாற்றி, ‘இந்த டொமைன் விற்பனைக்கு’ என்ற பக்கத்தை வையுங்கள். செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகள் இந்தப் பக்கத்தை இலவசமாகவே தருகின்றன. விற்றதும் டொமைன் தானாகவே கைமாறும் உடனடி மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டால், பல ரெஜிஸ்ட்ரார்களின் தேடல் முடிவிலும் உங்கள் பெயர் விலையோடு வரும். விற்றால் கமிஷன் உண்டு, பொதுவாக 10 முதல் 25 சதவீதம் வரை. ஒரே பெயரை இரண்டு சந்தைகளில் வைத்தால் விலை ஒன்றாக இருக்கட்டும். உடனடி மாற்றத்தை ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு பேருக்கு விற்றுவிடும் ஆபத்து உண்டு.

நீங்களே எழுதுவதானால் சுருக்கமாக எழுதுங்கள்: “உங்கள் நிறுவனம் இப்போது பயன்படுத்தும் முகவரியைவிடச் சிறிய இந்த டொமைன் என்னிடம் விற்பனைக்கு உள்ளது. விலை இவ்வளவு. எஸ்க்ரோ மூலம் பணம் செலுத்தலாம்.” இவ்வளவு போதும் (எஸ்க்ரோ என்றால் என்ன என்பது கடைசிப் பகுதியில்). உரிமையாளருக்கோ மார்க்கெட்டிங் தலைவருக்கோ தனித்தனியாக அனுப்புங்கள். பொது முகவரிக்கு மொத்தமாக அனுப்பினால் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும்.

ஏலத்துக்கு விட்டால் அடிப்படை விலையை வைக்காமல் விடாதீர்கள். தரகரிடம் கொடுத்தால், ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனை மாதம் வரை அவருக்குக் கமிஷன் உண்டு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பேரம்

குறைந்த விலைக்கு ஒருவர் கேட்டால் கோபப்பட வேண்டாம், மௌனமும் வேண்டாம். உங்கள் விலையையும், அது எந்தத் தேதி வரை என்பதையும் ஒரே வரியில் சொல்லுங்கள். பெயர் சொல்லாத தரகர் வழியாகப் பெரிய நிறுவனம் வரும் வழக்கம் இருப்பதால், கேட்பவர் யார் என்று ஊகித்து விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பலிக்காது. முழுத் தொகை இல்லை என்றால் தவணைக்குக் கொடுக்கலாம். ஆனால் கடைசித் தவணை வரும் வரை டொமைன் மூன்றாம் நபரின் காவலில் இருக்க வேண்டும், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு மறுக்க வேண்டிய ஒன்று உண்டு. “வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்” என்று யாராவது கேட்டால், சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவருடைய வருமானம்.

பணமும் கைமாற்றமும்

இங்கே வரிசை தவறினால் மொத்தமும் போய்விடும். எஸ்க்ரோ என்பது பணத்தை நடுவில் வைத்திருக்கும் உரிமம் பெற்ற நிறுவனம். விலை, கட்டணம் யார் பொறுப்பு, பார்த்துச் சரிபார்க்க எத்தனை நாள் என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்குபவர் பணத்தைக் கட்டுவார். பணம் வந்துவிட்டது என்று எஸ்க்ரோ உறுதிசெய்த பிறகே நீங்கள் டொமைனை அனுப்ப வேண்டும். அவர் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொண்டதும் பணம் உங்களுக்கு வரும்.

‘பணம் வந்துவிட்டது’ என்ற அஞ்சலை நம்பாதீர்கள், அதிலுள்ள லிங்கைத் தொடவும் வேண்டாம். எஸ்க்ரோ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, கணக்கில் நுழைந்து பாருங்கள். வாங்குபவர் சிபாரிசு செய்யும், கேள்விப்படாத எஸ்க்ரோ தளம் பெரும்பாலும் அவரே கட்டியதாக இருக்கும். கிரெடிட் கார்டு மூலம் நேராக வாங்கினால், டொமைன் போன பிறகு அவர் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

இருவரும் ஒரே ரெஜிஸ்ட்ராரில் இருந்தால் கணக்கிலிருந்து கணக்குக்குத் தள்ளிவிடலாம், சில நிமிடங்களில் முடியும். வாங்குபவரை அங்கே ஒரு கணக்கு திறக்கச் சொல்வதே நல்லது. வேறு ரெஜிஸ்ட்ரார் என்றால் உங்கள் கணக்கில் உள்ள டிரான்ஸ்ஃபர் லாக்கை எடுத்து, ஆத் கோடு என்ற மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி, அதை வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும். ஆத் கோடு கையில் இருப்பவர் டொமைனை இழுத்துக்கொள்ளலாம், அதனால் அதற்கு முன்பு பணம் எஸ்க்ரோவில் இருந்தே ஆக வேண்டும். மாற்றத்துக்கு உங்கள் ரெஜிஸ்ட்ரார் 5 நாள் வரை எடுக்கலாம். ஒப்புதல் அஞ்சல் வந்தால் உடனே ஏற்றுக்கொண்டால் காலம் குறையும். பதிந்தோ முன்பு மாற்றியோ 60 நாள் ஆகாத பெயர் நகராது. நாட்டு ஈற்றுகளுக்குத் தனி விதிகள் உண்டு, சில ஈற்றுகளை அந்த நாட்டில் தொடர்பு இல்லாதவர் வாங்கவே முடியாது.

டிஎன்எஸ்செக் (டொமைனின் தகவல்களை டிஜிட்டல் கையெழுத்தால் சரிபார்க்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் மாற்றத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். பழைய கையெழுத்து அப்படியே நிற்க, நேம்சர்வர் மட்டும் மாறினால், வாங்கியவரின் தளம் பலருக்குத் திறக்காது. அவர் ஒப்புதல் தராமல் பணத்தை நிறுத்திவைக்க அது ஒன்றே போதும்.

டொமைனோடு வெப்சைட், லோகோ, சமூக ஊடகக் கணக்குகள் எதுவும் சேருமா என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், சேராது என்றாலும் எழுதுங்கள். அந்த முகவரியில் உள்ள அஞ்சல்களை முன்பே எடுத்துவைத்து, வங்கி முதல் மற்ற சேவைகள் வரை அந்த முகவரியில் பதிந்த எல்லாக் கணக்குகளையும் மாற்றுங்கள். ஒப்பந்தம், எஸ்க்ரோ ரசீது, வாங்கிய விலை, ஆண்டுதோறும் கட்டிய புதுப்பிப்புக் கட்டணம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். வரி கணக்கிடும்போது லாபத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்கு இவைதான் ஆதாரம்.