உருளைக்கிழங்கு, பீட்ரூட், இரண்டு தொட்டி: செல்லுக்குள் நடக்கும் போக்குவரத்தை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

ஊட்டி, கோத்தகிரி பக்கம் இருக்கிறீர்கள், வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்துதல் என்று முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறது என்றால், புத்தகத்தை கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்லுங்கள். இதற்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் அடுப்படியிலேயே இருக்கிறது. கடைசிச் சோதனைக்கு மட்டும் ஓரிரு வாரம் பொறுமை வேண்டும், அதனால் அதற்கான இரண்டு நாற்றுத் தொட்டிகளை இன்றைக்கே தயார் செய்துவிடுங்கள்.

முதலில் பரவல், அதற்கு டீத்தூள். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அது ஆடாமல் நின்ற பிறகு ஒரு சிட்டிகை தூளைப் போடுங்கள், கலக்கக் கூடாது. மிதப்பது மிதக்கட்டும், அடியில் விழுந்த தூளைச் சுற்றி நிறம் எப்படி ஊர்கிறது என்று பாருங்கள். அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகிறது, யாரும் தள்ளவில்லை. மார்கழிக் குளிரில் இன்னும் மெதுவாக நடக்கும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். குளுக்கோஸ் ஒரு செல்லின் அகலமான 0.01 மில்லிமீட்டரைத் தண்ணீரில் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும், அதுவே ஒரு சென்டிமீட்டர் போகக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். செல்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன, நமக்கு ஏன் ரத்தக் குழாய் வேண்டும் என்பதற்கெல்லாம் பாதி பதில் இதிலேயே வந்துவிடும்.

அப்புறம் சவ்வூடு பரவல், அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு என்ற மெல்லிய உறை வழியாக உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் போவது. அதற்கு உருளைக்கிழங்கு. விரல் நீளத்துக்கு ஒரே அளவாக இரண்டு துண்டு, ஒன்று வெறும் தண்ணீரில், இன்னொன்று இரண்டு ஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீரில். மூன்று நான்கு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். உப்பில் கிடந்தது துவண்டு போயிருக்கும், மற்றது விறைப்பாக நிற்கும். தோட்டத்தில் உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி கருகுவதும் இதே கதைதான், மண்ணில் உப்பு கூடிப்போய் வேரிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது.

பீட்ரூட்தான் எனக்குப் பிடித்த சோதனை. சின்னத் துண்டுகளாக வெட்டி, சிவப்பு வடிவது நிற்கும் வரை நன்றாகக் கழுவுங்கள், வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போய்விட வேண்டும். பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் பாதியைக் கொதித்து இறக்கிய தண்ணீரிலும் போடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பரவாயில்லை, சவ்வு அதற்கு முன்பே சிதைந்துவிடும். அரை மணி நேரத்தில் சுடுதண்ணீர் ரத்தச் சிவப்பாகும், மற்றது ஏறக்குறைய அப்படியே இருக்கும். சாயம் உள்ளே அவ்வளவு செறிவாக இருந்தும் வெளியே வராமல் நின்றது உயிருள்ள சவ்வு தடுத்ததால்தான். உறைபனி அடித்த தேயிலைக் கொழுந்து கருகுவதும் சவ்வு கிழிந்துபோவதால்தான்.

இதுவரை பார்த்தது எதிலும் செல் காசு, அதாவது ஆற்றல், செலவழிக்கவில்லை. செலவழித்துக் கடத்துவதுதான் செயல்மிகு கடத்துதல். மலையில் ஊற்றுத் தண்ணீர் ஹோஸ் போட்டால் தானாகக் கீழே இறங்கும், மேல் தட்டுக்கு ஏற்ற மோட்டார் வேண்டும், இல்லையா? வேருக்கும் அந்த நிலைமைதான். மண் தண்ணீரில் இருப்பதைவிட வேருக்குள் நைட்ரேட் (செடிக்கு நைட்ரஜன் தரும் சத்து) பெரும்பாலும் அதிகம், இருந்தும் இன்னும் உள்ளே இழுக்க வேண்டும். வேர்ச் செல் ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, அதன் காசு) செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது, அவை உள்ளே திரும்பும்போது நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. நம் உடம்பில் ஒவ்வொரு ஏடிபிக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப் இருக்கிறது. அதை 1957-இல் கண்டறிந்து சொன்ன டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

போதிய அளவு ஏடிபி செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதைத்தான் தொட்டியில் பார்க்கப் போகிறோம். ஒரே மண், ஒரே தொழுஉரம், ஒரே வயது பீன்ஸ் நாற்று, இரண்டு தொட்டி. ஒன்றின் அடி ஓட்டையை அடைத்து எப்போதும் தண்ணீர் தேங்கும்படி வையுங்கள், அதில் வேருக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. சில நாளில், இல்லையென்றால் ஓரிரு வாரத்தில், அடி இலைகள் மஞ்சளாகும், வளர்ச்சி நிற்கும். உரம் பக்கத்திலேயே இருக்கிறது, இழுக்கத்தான் வேருக்குத் தெம்பில்லை. தேங்கிய மண்ணில் நைட்ரேட் சிதைந்து காற்றோடு போவதும் மஞ்சளுக்கு ஒரு காரணம், ஆகவே பிள்ளை நோட்டில் எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். பீன்ஸ் இல்லாவிட்டால் பட்டாணி வைக்கலாம், நெல் மட்டும் வேண்டாம், அதன் வேருக்குக் காற்று இறங்க உள்ளேயே வழி இருக்கிறது, தண்ணீரில் நின்றாலும் பச்சையாகவே இருக்கும்.